டைவிங்குக்கு பொனேர் சரி, மணலுக்கு? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பம். கணவன் மனைவி இருவரும் சில ஆண்டுகளுக்கு முன் அந்தமானில் ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் வாங்கியவர்கள். அதற்குப் பிறகு காற்று டேங்க் மாட்டவே இல்லை. பத்து வயதுப் பையனுக்கு டைவிங் கற்றுக்கொள்ள ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, நல்ல கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் போதும் என்கிறார். ஒரு வாரம். கரீபியன் கடலில் பொனேர், கிராண்ட் கேமன், கொசுமெல் என்ற மூன்று தீவுகளில் எது?

பொனேர் போங்கள். ஆனால் கரீபியன் என்றதும் கண்ணில் வரும் அந்தக் காலண்டர் படம், வெள்ளை மணலும் சாய்ந்த தென்னையும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பொனேருக்குப் போய் ஏமாந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடலுக்குள் எதையும் குறை சொல்வதில்லை. கரையைத்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு நீங்கள் என்ன சொல்லி அழைத்துப் போகிறீர்கள் என்பதில் இந்தப் பயணத்தின் பாதி இருக்கிறது.

காரணம் தெரிந்தால் ஏமாற்றம் குறையும். வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், அரூபாவுக்கும் குராசாவுக்கும் பக்கத்தில் இருக்கிறது இந்தத் தீவு. மொத்தம் 288 சதுர கிலோமீட்டர். கரீபியன் என்றாலும் காடும் அருவியும் கிடையாது. ஆண்டுக்கு அரை மீட்டர் மழைகூடச் சில வருடங்களில் தேறாது. எங்கு பார்த்தாலும் கள்ளி, முள்மரம், ஆடு, கழுதை. ஆறு இல்லாததால் கடலில் வண்டல் கலப்பதில்லை. தண்ணீருக்குள் 25, 30 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிவதற்கு அதுதான் அடிப்படை. இரண்டாவது, காற்று. ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்தே வீசுகிறது. அதனால் கிழக்குக் கரை எப்போதும் அலையடித்து நுரைத்துக்கொண்டிருக்கும். மேற்குக் கரையோ காற்றுக்கு மறைவாகக் குளம்போலக் கிடக்கும். அந்த மேற்குக் கரையை ஒட்டியே பவளத்திட்டு ஓடுகிறது. பல இடங்களில் கரையிலிருந்து சில நிமிடம் நீந்தினால் திட்டின் விளிம்பு வந்துவிடும். அங்கே ஆழம் பத்து மீட்டர்போல இருக்கும். விளிம்பைத் தாண்டினால் சரிவு 30 மீட்டர், சில இடங்களில் அதற்கும் கீழே இறங்குகிறது.

டைவருக்கு வரமான இந்த அமைப்பே கடற்கரைக்காரருக்குக் குறை. கரை என்பது பழைய பவளம் இறுகிய சுண்ணாம்புப் பாறை. கடல் உடனே ஆழமாகிவிடுவதால் மணல் பரந்து தங்க இடமில்லை. அலை ஒதுக்கிவிட்டுப் போவது பெரும்பாலும் உடைந்த பவளத் துண்டுகள்தான். வெறுங்காலோடு நடந்தால் குத்தும்.

அப்படியிருக்க ஏன் பொனேர் என்கிறேன்? படகு தேவையில்லை என்பதற்காக. கிராண்ட் கேமனிலும் கொசுமெலிலும் நல்ல டைவ் என்றால் பெரும்பாலும் படகு. காலையில் சொன்ன நேரத்துக்குத் துறையில் நிற்க வேண்டும், இரண்டு டேங்க் முடித்துத் திரும்ப நண்பகல் தாண்டிவிடும். நீங்கள் இருவரும் ஒன்றாகப் போனால் அரை நாள் அம்மாவும் பையனும் தனியே. பொனேரில் கணக்கே வேறு. மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒவ்வொன்றிலும் டைவ் இடத்தின் பெயர் எழுதிச் சாலையோரம் வைத்திருக்கிறார்கள். பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, டைவ் கடையில் டேங்குகளைப் பின்னால் ஏற்றி, பிடித்த கல்லருகே நிறுத்தி, மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஒன்றரை மணி நேரத்தில் மேலே வந்து தலை துவட்டிக்கொண்டிருப்பீர்கள். காற்று சரியில்லையென்றால் அடுத்த கல். மனமில்லையென்றால் வீட்டுக்கு. குறிக்கப்பட்ட இடங்கள் 80-க்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேல் கரையிலிருந்தே போகலாம்.

இப்படி ஒரு பழக்கம் அங்கே தானாக வந்துவிடவில்லை. 1962-ல் ஒரு பாய்க்கப்பலில் வந்து இறங்கிய டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், கேப்டன் டான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், டைவிங் தொழிலை அங்கே தொடங்கிவைத்தார். நங்கூரம் பவளத்தை உடைக்கிறது என்று படகைக் கட்ட நிலையான மிதவைகள் போட வேண்டுமென்று நின்றவர்களில் அவர் முக்கியமானவர். ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பதை 1971-லேயே தடை செய்தார்கள். 1979-ல் தீவைச் சுற்றி, கடல்நீர் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரையான கடல் முழுவதும் கடல் பூங்காவானது. ஒரு மூலையை மட்டும் வேலி போட்டு வைக்கவில்லை, மொத்தக் கரையும் பூங்கா. ஸ்டினாபா என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தண்ணீரில் கால் வைக்கும் பெரியவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 40 டாலர் இயற்கைக் கட்டணம் கட்ட வேண்டும். தீவுக்குள் நுழைவதற்குப் பெரியவர்களுக்குத் தனியாக 75 டாலர் வரி உண்டு, சிறுவர்களுக்குக் குறைவு. இரண்டையும் இணையத்திலேயே கட்டிவிட்டுப் போனால் விமான நிலையத்தில் வரிசை மிச்சம். 2010 அக்டோபரிலிருந்து பொனேர் நெதர்லாந்தின் ஒரு சிறப்பு நகராட்சி, ஆனால் 2011 முதல் புழங்கும் பணம் அமெரிக்க டாலர். உங்களுக்கு மாற்றுகிற வேலை இல்லை.

முதல் நாள் நேராக மஞ்சள் கல்லைத் தேடிப் போய்விடாதீர்கள், போகவும் விடமாட்டார்கள். எத்தனை அனுபவம் உள்ளவராக இருந்தாலும் பூங்கா விதிகளைக் கேட்டு, கடை முன்னால் ஒரு சோதனை டைவ் முடித்த பிறகுதான் மற்ற இடங்கள். கையுறை கூடாது, ரசாயன ஒளிக்குச்சி கூடாது, எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது. கையுறைத் தடை எனக்கு மிகவும் பிடித்த விதி. கையில் உறை இருந்தால் மனிதன் பிடிமானம் தேடுவான். வெறுங்கையாக இருந்தால் தானாகவே தள்ளி நிற்பான்.

உங்கள் நிலையில் சோதனை டைவ் மட்டும் போதாது. இத்தனை இடைவெளி விட்டவர்கள் ஒரு பயிற்றுநரோடு ரிஃப்ரெஷர் என்ற நினைவூட்டல் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை, அதாவது மூச்சுக் கருவியை, தேடிப் பிடிப்பது, இணைக்குக் காற்றுப் பகிர்வது, இவை கை மறந்துபோகும் வேலைகள். முடிந்தால் கிளம்பும் முன் வீட்டருகே உள்ள டைவ் கடையின் நீச்சல் குளத்திலேயே முடித்துவிடுங்கள், தீவில் அரை நாள் மிச்சமாகும். மருத்துவக் கேள்வித்தாளையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்த மாத்திரை, காதில் பழைய அறுவை என்று ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலும் மருத்துவர் கையெழுத்து கேட்கக்கூடும். அதைத் தீவில் போய்த் தேடிக்கொண்டிருந்தால் விடுமுறை போய்விடும்.

எடை விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தமானில் படகில் உங்களுக்கு யாரோ எடை கட்டிவிட்டிருப்பார்கள். இங்கே நீங்களே கணக்குப் பார்க்க வேண்டும். வாடகை டேங்க் அலுமினியம். காற்றுத் தீரத் தீர அது இலேசாகி மேலே தூக்கும். ஆகவே தொடக்கத்தில் சரியாக இருக்கும் எடை கடைசியில் போதாது. முதல் டைவ் முடிவில், டேங்கில் 50 பார் அழுத்தம் மிச்சமிருக்கும்போது, ஐந்து மீட்டரில் பி.சி.டி. என்ற காற்றடைத்து மிதக்கும் சட்டையில் காற்றே இல்லாமல் நிலையாக நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் உங்கள் எடை. பலர் பயத்தில் இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டு, அதை ஈடுகட்டக் காற்றை ஊதி ஊதி, வாரம் முழுக்க மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பார்கள். அழுத்தமானி எந்த அளவில் காட்டுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தமானில் பாரில் பழகியிருப்பீர்கள், அமெரிக்கக் கருவிகள் பி.எஸ்.ஐ. காட்டும். 200 பார் என்பது ஏறத்தாழ 2900 பி.எஸ்.ஐ.

இனி இறங்குவது. பொனேரில் அதிகம் கவனம் வேண்டியது இங்கேதான், ஆழத்தில் அல்ல, முழங்கால் அளவுத் தண்ணீரில். கரையில் வழுக்கும் பாறை, உருளும் பவளத் துண்டு, இடையிடையே குழி. முதுகில் டேங்கோடு பதினைந்து இருபது கிலோ. அடி தடித்த பூட்ஸும் அதன் மேல் மாட்டும் பட்டை வைத்த ஃபின்ஸ் என்ற நீந்தும் துடுப்பும் கட்டாயம். வெறுங்காலில் போடும் ஃபின்ஸ் இங்கே உதவாது. கரையில் நின்று ஒரு ஐந்து நிமிடம் அலையைப் பாருங்கள். எங்கே மணல் திட்டாக வெளிர்நீலம் தெரிகிறதோ அதுதான் வழி. மாஸ்க்கை முகத்தில் போட்டு, ரெகுலேட்டரை வாயில் வைத்து, பி.சி.டி.யில் கொஞ்சம் காற்று ஏற்றிய பிறகே காலை வையுங்கள். விழுந்தாலும் மூச்சு இருக்கும், மிதப்பீர்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி நகருங்கள். இடுப்பளவு வந்ததும் தயங்காமல் தண்ணீரில் படுத்துவிடுங்கள். ஃபின்ஸ் மாட்டுவது அதற்குப் பிறகு. நின்றுகொண்டே மாட்டப் பார்ப்பவர்கள்தான் அடுத்த அலையில் உட்காருகிறார்கள். வெளியேறும்போதும் இதே வரிசை தலைகீழாக, ரெகுலேட்டரைக் கடைசியாகத்தான் வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

விளிம்புக்குப் போனதும் மிதவைக் கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நீரோட்டம் பெரும்பாலும் மெதுவானது, ஆனால் இல்லாமல் இல்லை. அதை எதிர்த்துத் தொடங்கி, 200 பாரில் 120 ஆனதும் திரும்புங்கள். வரும்போது அதுவே கொண்டுவந்து விடும். திரும்பும் வழியை ஆழம் குறைந்த பகுதியாக வைத்துக்கொண்டால் காற்றும் மிச்சமாகும், மேலே வருமுன் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தமும் பவளத்துக்கு மேலேயே வேடிக்கை பார்த்தபடி முடிந்துவிடும். விளிம்பை விட்டுக் கீழே இறங்கும் முன் ஒரு அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள், மிதவையைக் கட்டியிருக்கும் கான்கிரீட் கட்டையோ, விநோதமான ஒரு பவள மேடோ. நீருக்கடியில் ஒவ்வொரு மேடும் இன்னொன்று மாதிரியே இருக்கும்.

எந்த இடங்கள்? தலைநகர் கிராலென்டைக்குக்குச் சற்று வடக்கே உள்ள பாரி ரீஃப்பில் தொடங்குங்கள். படகுத்துறையின் ஏணி வழியாகவே இறங்கலாம், மேலே சொன்ன பாறைக் கஷ்டம் எதுவும் இல்லை. சாதாரண இடம்போலத் தெரியும். ஆனால் கரீபியனிலேயே மீன் வகைகள் மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று அது. ஒரே டைவில் கிளிமீன் கூட்டம், அஞ்சாலை, கணவாய், நல்ல கண் இருந்தால் கடற்குதிரை. இரவில் அங்கே இறங்கினால் டார்பன் என்ற ஆளுயர வெள்ளி மீன்கள் உங்கள் டார்ச் வெளிச்சத்தைத் தம் வேட்டைக்கு வைத்துக்கொள்ளும். நீங்கள் எதன் மேல் வெளிச்சம் அடிக்கிறீர்களோ அதைக் கவ்விக்கொண்டு போகும். பாவமாக இருந்தால் சின்ன மீன்கள் மேல் வெளிச்சத்தை நிறுத்தாதீர்கள்.

பிறகு தெற்கே உப்புத் துறை. உப்பளத்திலிருந்து கப்பலுக்கு உப்பு ஏற்றும் பாலத்தின் கால்கள் கடலுக்குள் வரிசையாக இறங்குகின்றன. கால் முழுக்கக் கடற்பஞ்சும் பவளமும் ஆரஞ்சாக, ஊதாவாக அப்பிக்கிடக்கும். வெயில் மேலிருந்து பட்டை பட்டையாக விழும். பேராமை அடிக்கடி வரும். ஆழமும் உங்கள் சான்றிதழின் 18 மீட்டர் எல்லைக்குள். என்னைக் கேட்டால் தீவின் மிகச் சிறந்த டைவ் இதுதான், பவளச் சரிவு எதையும்விட. கப்பல் நிற்கும் நாளில் அங்கே இறங்கக் கூடாது என்பதால் காலையில் கடையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

அதே சாலையில் ஹில்மா ஹூக்கர் இருக்கிறது. 1984-ல் இயந்திரக் கோளாறு என்று வந்து ஒதுங்கிய சரக்குக் கப்பல். சோதனை போட்டபோது போலித் தடுப்புச் சுவருக்குப் பின்னால் கஞ்சா மூட்டைகள். வழக்குச் சான்று என்று பிடித்து வைத்தார்கள். உரிமையாளர் என்று யாரும் வரவில்லை. கப்பலோ ஒழுகிக்கொண்டே இருந்தது. துறையிலேயே மூழ்கிவிட்டால் வழி அடைபடும் என்று தள்ளிக் கொண்டுபோய்க் கட்டினார்கள். அந்த செப்டம்பர் 12 அன்று சாய்ந்து மூழ்கியது. 70 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் கப்பல் வலப்புறமாக ஒருக்களித்து 30 மீட்டர் ஆழத்தில் மணலில் கிடக்கிறது. உங்கள் சான்றிதழுக்கு அடிவரை போக அனுமதி இல்லை. மேல்பக்க விலா 18 மீட்டரை ஒட்டி இருப்பதால் மேலே மிதந்தபடி முழுக் கப்பலையும் பார்க்கலாம். ஆசை அடங்காவிட்டால் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு பயிற்சியின் ஆழ டைவை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் உள்ளே நுழைய வேண்டாம்.

வடக்கே 'ஆயிரம் படிகள்'. உண்மையில் எழுபதை ஒட்டித்தான். டேங்கோடு ஏறி வரும்போது பெயர் வைத்தவன் மேல் கோபம் வராது. அதற்கு மேல் கர்பாடா வரை போனால் சாலை ஒருவழி. திரும்பி வர ரின்கோன் ஊர் சுற்றித்தான் வர வேண்டும், நேரக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பணம், போன், நல்ல செருப்பு எதுவும். கண்ணாடியை இறக்கி, கதவைப் பூட்டாமல் விடுவதுதான் அங்கத்திய வழக்கம். பூட்டினால் கண்ணாடியை உடைத்துப் பார்ப்பார்கள் என்பதால். கிளைன் பொனேர் என்ற எதிரே உள்ள குட்டித் தீவுக்கு மட்டும் படகு வேண்டும். 1999-ல் தனியாரிடமிருந்து வாங்கி இயற்கைக் காப்பிடமாக்கினார்கள், ஹோட்டல் வராமல் தப்பியது. அங்குள்ள 'பெயரில்லாக் கடற்கரை' நல்ல வெண்மணல். பையனோடு ஸ்நார்க்கல் போட்டு நீரோட்டத்தோடு மிதந்து வர அதைவிட நல்ல இடம் கிடையாது. நிழலும் கழிப்பறையும் இல்லை, படகிலிருந்து தண்ணீரில்தான் இறங்க வேண்டும். அம்மாவை அழைத்துப் போகாதீர்கள்.

பையனுக்கு வருவோம். பத்து வயதில் ஜூனியர் ஓப்பன் வாட்டர் செய்யலாம். எல்லை 12 மீட்டர், பெற்றோரோ பயிற்றுநரோ உடன் இருக்க வேண்டும். பாடத்தை வீட்டில் இணையவழியாகவும், குளப் பயிற்சியை நியூ ஜெர்சியிலும் முடித்துக்கொண்டு, பரிந்துரைக் கடிதத்தோடு போனால் கடல் டைவ்கள் நான்கை மட்டும் பொனேரில் இரண்டு நாளில் செய்துவிடலாம். இல்லையென்றால் அவன் விடுமுறையில் பாதி வகுப்பறையில் போகும். அவனுக்கு உண்மையிலேயே ஆசையா, உங்கள் ஆசையா என்பதைக் குளத்திலேயே பார்த்துவிடுங்கள். காது வலிக்கிறது என்று இரண்டாம் முறை சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான், பணம் கட்டியாயிற்று என்று தள்ளக் கூடாது. சான்றிதழ் வாங்கிவிட்டாலும் பாறைக்கரை டைவ்களுக்கு அழைத்துப் போகாமல் துறை ஏணி உள்ள இடங்களோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. நீங்கள் இருவரும் நீருக்கடியில் இருக்கும் நேரம் பையன் தண்ணீரில் இருக்கக் கூடாது. நீச்சல் தெரியாத பாட்டி கரையில் இருந்து பார்த்துக்கொள்வது என்பது பார்த்துக்கொள்வதே அல்ல. ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல, பேரனைப் பிடிக்க அவரும் இறங்கிவிடுவார். அந்த ஒன்றரை மணி நேரம் பாட்டியும் பேரனும் அறையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு என்ன இருக்கிறது? தென்கிழக்கில் லாக் விரிகுடா. திறந்த கடலின் அலையை வெளியே ஒரு பவளத்திட்டு தடுத்துவிடுவதால், உள்ளே வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான். சொரோபோன் பக்கம் மணலும் உண்டு, சாய்வு நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். பலகையில் பாய் கட்டிக் காற்றில் பறக்கும் விண்ட்சர்ஃபிங்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போகும், உலகப் போட்டியாளர்கள் உருவான இடம் அது. காற்று வேகமாகத்தான் இருக்கும், புடவையைவிடச் சுடிதார் நல்லது. வசந்தத்திலிருந்து கோடை முடியும் வரை சில வாரங்களில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அந்த விரிகுடாவில் வந்து குவிந்து நாறும். போகும் வாரத்தில் நிலைமை என்ன என்று தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கு எதிரே தே ஆமோ என்ற சின்ன மணற்கரை உண்டு, மாலை உட்காரச் சரியான இடம்.

தெற்குச் சாலையில் ஒரு முழுச் சுற்று அவரை வண்டியிலேயே அழைத்துப் போங்கள். உப்பளப் பாத்திகள் இளஞ்சிவப்பாகக் கிடக்கும், பக்கத்தில் வெள்ளை அம்பாரங்கள். தூரத்தில் பூநாரைகள். அவை கூடுகட்டும் பெக்கெல்மேர் சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி இல்லை, சாலையிலிருந்து பார்ப்பதோடு சரி. அதே சாலையோரம் மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் கல் குடிசைகள் வரிசையாக இருக்கும். 1850-ல் உப்பு வெட்டிய அடிமைகளுக்காகக் கட்டியவை. வார இறுதியில் குடும்பத்தைப் பார்க்க அவர்கள் வடக்கே ரின்கோன் வரை மணிக்கணக்காக நடந்து போனார்கள். 1863-ல்தான் கரீபியனின் டச்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. குடிசையின் முன்னால் கல்யாணப் படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம், ஆனால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். ஊரில் ஆட்டுக்கறிக் குழம்பு, மீன், மக்காச்சோளக் களி என்று அசைவம் நன்றாகக் கிடைக்கும். சுரினாம் மக்கள் இருப்பதால் ரொட்டியும் கறியும் சில கடைகளில் உண்டு. சைவம் குறைவு. பெரிய டச்சு சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் வாங்கலாம், விலைதான் நியூ ஜெர்சியை மிஞ்சும். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தைரியமாகக் குடிக்கலாம்.

பவளத்தின் இன்றைய நிலையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுப் போனால் வித்தியாசம் தெரியும். 2023-ல் கல் பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் இங்கேயும் வந்துவிட்டது. மூளைப் பவளமும் தூண் பவளமும் மோசமாக அடிவாங்கின. அதே ஆண்டின் கடல் வெப்பத்தில் பவளம் நிறமிழக்கும் வெளிறலும் சேர்ந்துகொண்டது. அவ்வப்போது சில இடங்களை மூடுகிறார்கள், கருவிகளைக் கிருமிநாசினியில் முக்கச் சொல்கிறார்கள். அலுத்துக்கொள்ளாமல் முக்குங்கள். ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை உண்டு. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் அந்தக் கவலையே இல்லை. இத்தனைக்குப் பிறகும் மீன் வளத்தில் பொனேருக்கு இணையான இடம் கரீபியனில் குறைவு.

அங்கே சிங்கமீனைக் கண்டால் ரசியுங்கள், ஆனால் அது வேற்றூர்க்காரன். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து மீன், மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அட்லாண்டிக்கில் எப்படியோ கலந்து, 2009-ல் பொனேருக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதை வேட்டையாட யாருமில்லாததால் குட்டி மீன்களை வாரித் தின்றது. ஆகவே ஈட்டிக்குத் தடையுள்ள தீவில் இதற்கு மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு விதிவிலக்கு. உணவகத் தட்டிலும் அதைப் பார்ப்பீர்கள்.

எப்போது போவது? சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பது பொனேரின் பெரிய வசதி. கேமனும் கொசுமெலும் அப்படியல்ல. முழு விலக்கு என்று நினைக்கக் கூடாது. 1999-ல் லென்னி சூறாவளி தீவைத் தொடாமலே வடக்கே தள்ளிப் போனது, ஆனால் அதன் அலை மேற்கிலிருந்து வந்து, காற்றுக்கு மறைவான கரையின் பவளங்களைப் புரட்டிப்போட்டது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டமும் விலையும் உச்சம். பள்ளி விடுமுறையைப் பார்த்தால் உங்களுக்கு ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரைதான். அது நல்ல காலமே, தண்ணீர் 28 டிகிரி, மூன்று மில்லிமீட்டர் டைவ் உடையே அதிகம். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பௌர்ணமியைப் பாருங்கள். பௌர்ணமிக்குப் பிந்திய சில இரவுகளில், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து, நிலா எழும் முன், ஆஸ்ட்ரகாட் எனும் கடுகளவு ஓட்டுயிரிகளில் ஆண்கள் இணையை அழைக்க நீலப் புள்ளிகளைச் சரம் சரமாக விட்டுக்கொண்டே நீந்தும். டார்ச்சை அணைத்துவிட்டு ஆழமில்லாத இடத்தில் சும்மா இருந்தால் சுற்றிலும் அந்தச் சரங்கள் தொங்கும். துறை ஏணி பக்கத்திலேயே, வழிகாட்டியோடு போங்கள்.

இவ்வளவும் படித்து, இல்லை, அம்மாவுக்கும் பையனுக்கும் மணல்தான் முக்கியம் என்று தோன்றினால் பக்கத்துத் தீவான குராசாவைப் பாருங்கள். நீங்கள் கேட்ட மூன்றில் அது இல்லை, ஆனால் இருக்க வேண்டியது. மேற்குப் பக்கம் சின்னச் சின்ன வளைகுடாக்களில் உண்மையான மணல், குடை, கழிப்பறை, அங்கிருந்தே நீந்திப் போகும் தூரத்தில் பவளம். போர்ட்டோ மாரியும் லாகுனும் அப்படிப்பட்டவை. டைவிங் பொனேர் அளவுக்கு எளிதல்ல, தீவும் பெரிது, ஓட்டம் அதிகம். கேமனின் செவன் மைல் பீச் மூன்றிலும் அழகான மணல், விலையும் அப்படியே. கொசுமெல் ஓடும் நீரோட்டத்தில் மிதந்து போகும் டைவ்களுக்குப் பெயர்பெற்றது. இத்தனை நாள் இடைவெளி விட்டவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல.

விசா. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாப் பகுதிக்குள் பொனேர் வராது, நெதர்லாந்தின் கரீபியன் பகுதிக்கென்று தனி விசா இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பவருக்கு எந்த விலக்கு பொருந்தும் என்பது கையில் உள்ள அமெரிக்க ஆவணத்தைப் பொறுத்தது. உங்கள் நால்வருக்கும் ஆவணம் ஒன்றல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நெதர்லாந்து அரசின் விசாப் பக்கத்தில் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைவதில் சிக்கல் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகே டிக்கெட் போடுங்கள். அமெரிக்காவிலிருந்து நேர் விமானங்கள் எல்லா நகரங்களிலிருந்தும் எல்லா நாளும் கிடையாது.

டைவில் உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய 18 மணி நேரம் டைவ் கூடாது. நான் 24 என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடைசி நாளை உப்பளச் சுற்றுக்கு ஒதுக்குங்கள். தீவின் உச்சியான பிராண்டாரிஸ் 241 மீட்டர்தான் என்றாலும் டைவ் முடிந்த கையோடு ஏற வேண்டாம். அந்த நைட்ரஜனால் வரும் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை கிராலென்டைக் மருத்துவமனையில் இருக்கிறது. அதன் செலவைச் சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் ஏற்பதில்லை, டைவர்களுக்கான காப்பீட்டைத் தனியாக எடுங்கள்.

தங்குமிடம் பிடிக்கும்போது நீச்சல் குளம் எத்தனை அடி, அறையில் கடல் தெரியுமா என்றெல்லாம் பிறகு கேட்கலாம். முதல் கேள்வி, உங்கள் இடத்தில் சொந்தப் படகுத்துறையும் தண்ணீருக்குள் இறங்கும் ஏணியும் இருக்கிறதா என்பது. இல்லை என்றால் அடுத்த இடத்தைக் கூப்பிடுங்கள்.